துக்கத்துக்குப் பிறகு தொண்டு: எங்கே தொடங்குவது, எதை இப்போதைக்குத் தள்ளிவைப்பது

கேள்வி: எனக்கு வயது 54. செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் மர அறுவை மில்லில் கணக்கு எழுதினார். தொண்டையில் புற்று. திருவனந்தபுரத்துக்கு இரண்டு வருடம் அலைந்தோம். அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கடைசியில் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எல்லாம் நான்தான் பார்த்தேன். இப்போது காலையில் எழுந்தால் செய்ய ஒரு வேலை இல்லை. மாதாமாதம் அவர் திதியில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு போடுகிறேன். அன்று ராத்திரிதான் தாங்க முடியவில்லை. கையில் நான்கு லட்சம் இருக்கிறது. அவர் பெயரில் டிரஸ்ட் வைத்து ஏழை நோயாளிகளுக்குச் செய்ய ஆசை. போன மாதம் பக்கத்துத் தெருவில் அதே நோய் வந்தவர் வீட்டுக்குப் போனேன். குழாயைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அவர் மனைவிதான் என்னைத் தேற்றினார். மகன் சென்னைக்கு வந்துவிடு என்கிறான். மதினியோ, 'தாலி அறுத்தவ ஊரைச் சுத்துனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக' என்கிறார். நான் இதற்கெல்லாம் லாயக்கா? லாயக்கு என்றால் எங்கே தொடங்க?

பதில்: சகோதரிக்கு வணக்கம். நீங்கள் லாயக்கானவர்தான். அழுதுவிட்டதால் அந்தத் தகுதி போய்விடாது. ஆனால் அந்த வீட்டுக்கு இப்போதைக்குப் போக வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். அன்று அந்தப் பெண் தன் கணவரை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற எழுந்தார். உங்கள் அழுகையைப் பார்த்து, நம் வீட்டிலும் முடிவு இதுதானோ என்று அவர் உள்ளுக்குள் நடுங்கியும் இருப்பார். கட்டிலில் கிடந்தவரும் அதைப் பார்த்திருப்பார். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஆனாலும் பாரம் அவர்கள் தலையில் ஏறிவிட்டது. நோயாளிகளின் வீட்டுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமைப்புகள் பல, நெருங்கிய உறவை இழந்தவரை ஓராண்டாவது கழிந்த பிறகே அனுப்புவதும் இதனால்தான். முதல் ஆண்டில் ஒவ்வொரு பண்டிகையும் ஒவ்வொரு நாளும் அவர் இல்லாமல் முதல் முறையாக வந்து போகும். உங்களுக்கு ஓராண்டு தாண்டிவிட்டது என்றாலும், மாதக் கணக்கைவிட அன்று அந்த வீட்டில் நடந்ததே சரியான அளவுகோல். அதே நோய், அதே குழாய் உள்ள வீடுகளை இன்னும் ஆறு மாதமாவது தள்ளிவையுங்கள். மற்ற வேலைகளை இந்த வாரமே தொடங்கலாம்.

எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? வீட்டுக்காரரின் கடைசி நாளைப் பற்றி நம்பிக்கையான ஒருவரிடம் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் அழுதாலும் பரவாயில்லை, சொல்லி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்தது, ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து அவரைப் பற்றி நாலு விஷயம் சொல்ல முடிகிறதா? எந்தப் பக்கம் படுத்தால் அவருக்கு வலி, எதைக் குடிக்கப் பிடிக்கும், யாரைத் தேடுகிறார், எதற்குப் பயப்படுகிறார். நாலும் சொல்ல முடிந்தால் நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றுமே நினைவில் இல்லாமல் உங்கள் வீட்டுக்காரர் முகம் மட்டும் மனதில் நின்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள்.

உங்கள் உடம்பையும் கேட்க வேண்டியிருக்கிறது. பதினான்கு மாதத்துக்குப் பிறகும் நினைவு வருவது, திதியன்று மனம் உடைவது, இதெல்லாம் இயல்பு. ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியது இன்றும் ஆலோசகர்களுக்குக் கைகொடுக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து உட்காரும் நேரமும், அன்றாட வாழ்க்கையைச் சீர்செய்யும் நேரமும் மாறி மாறி வர வேண்டும் என்பது அவர்கள் கண்டது. ஒன்றிலேயே தங்கிவிட்டால்தான் சிக்கல். தொண்டு செய்தால் துக்கம் போய்விடும் என்று எண்ணி இதில் இறங்காதீர்கள். அவரை நினைத்து அழும் நேரமும் உங்களுக்கு வேண்டும்.

ஆனால் அநேகமாகத் தினமும் ஏக்கம் நெஞ்சை அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் தொண்டுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

இனி அந்தத் திதிச் சாப்பாடு. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அது அவருக்குச் செய்யும் கடன், செய்யுங்கள். ஆனால் அன்று ராத்திரி ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று பாருங்கள். விடியற்காலை முதல் மதியம் வரை கை ஓய்வதில்லை. ஐம்பது பேர் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். பந்தி முடிந்ததும் பாத்திரமும் நீங்களும்தான் மிச்சம். அடுத்த வாரம் உங்களை எதிர்பார்த்து அவர்களில் ஒருவரும் இருக்கப்போவதில்லை. கடைசி மாதங்களில் இரண்டு மணிக்கொரு தரம் உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்காகக் காத்திருந்தார். அது நின்றுபோனதைத்தான் காலையில் எழுந்ததும் உணர்கிறீர்கள். அதனால் உங்களுக்கு ஏற்றது, சிறியதாக இருந்தாலும் கிழமை தவறாத வேலை. யாரோ ஒருவர் 'இன்னிக்கு வியாழக்கிழமை, அக்கா வருவாக' என்று சொல்லும்படியான வேலை.

அப்படி ஒரு வேலை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். கட்டிலில் மாமியாரோ கணவரோ பக்கவாதத்தில் படுத்திருப்பார். பக்கத்தில் அந்தப் பெண் மடியில் தட்டோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்பார். நோயாளி முனகினால் தட்டைக் கீழே வைக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும், புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி வந்து உட்கார வேண்டும். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கப் போகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை என்றால் அன்றைய கூலி போச்சு. இந்த வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொண்டுபோய்க் கொடுப்பது நல்லதுதான். அதைவிடப் பெரிய உதவி, வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அந்தக் கட்டிலருகே நீங்கள் உட்காருவது. அந்த நேரத்தில் அவர் தலைக்குக் குளிக்கட்டும், பீடிக்கடைக்குப் போகட்டும், இல்லையென்றால் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். தூங்கினால் எழுப்பாதீர்கள்.

இதற்குப் பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, முதுமைத் தளர்ச்சி என்று படுத்திருப்பவர்கள் உள்ள வீடாகப் பாருங்கள். ஒரு வீட்டில் தொடங்குங்கள். இரண்டு மாதம் தவறாமல் போன பிறகு இரண்டாவது வீடு. மூன்றுக்கு மேல் இப்போது வேண்டாம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதல் மாதம் எட்டு வீடு ஏற்றுக்கொள்வார்கள். மூன்றாவது மாதம் மூட்டு வலி, பேரன் காதுகுத்து என்று ஒவ்வொன்றாக விடுவார்கள். விடுபட்ட வீட்டில் இருப்பவர்களுக்கோ இன்னொரு மனுஷி நம்மை விட்டுப் போனாள் என்ற கணக்கு.

உங்களுக்கு எளிதாகக் கைவரக்கூடிய இன்னொரு வேலை, புதிதாக நோய் தெரிந்து திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ புறப்படும் ஏழைக் குடும்பத்துக்குக் காகிதங்களைச் சரிசெய்து கொடுப்பது. நோயாளி அருகே உட்காராமலே செய்யலாம் என்பதால், அழுகை பயமுள்ள இந்தக் காலத்துக்கு இது மிகவும் பொருத்தம். இரண்டு வருடம் அலைந்ததில் எந்தக் கவுன்டரில் என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கு அத்துபடியாகியிருக்கும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் உங்கள் ஊரில் நிறைய. ஆனால் வடகரை, அச்சன்புதூர் பக்கமிருந்து முதல் முறை மலையேறிப் போகிற கூலிக்காரருக்கு அங்கே பேச்சும் புரியாது, பலகையும் புரியாது.

ஒரு ஃபைல் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை வைத்தது, எழுபது எண்பது ரூபாய்க்குள் கிடைக்கும். முதல் உறையில் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை நகல்கள் மூன்று மூன்று. அடுத்ததில் டாக்டர் எழுதிய பரிந்துரைக் கடிதம். அதற்கடுத்து, சதைத் துண்டு எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட். இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டுகிறார்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் பெரும்பாலும் சதைத் துண்டைத் தங்கள் ஆய்வகத்தில் மறுபடி பார்த்த பிறகே சிகிச்சையை முடிவு செய்வார்கள். அதற்கு கண்ணாடி ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் வேண்டும். இரண்டும் முதலில் பயாப்ஸி எடுத்த ஆய்வகத்தில் இருக்கும். எழுதிக் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். வாங்காமல் போனால் ஒரு பயணமும் அந்த நாளின் கூலியும் வீண். பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்கக் கூடாது, மெழுகு இளகும். ஸ்லைடைச் சிறு டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் ஃபிலிமோடு சி.டி.யும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசி உறைக்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் தேதியும் டாக்டர் சொன்னதும், வலது பக்கம் மாத்திரையும் அடுத்து வரவேண்டிய நாளும். படிக்காதவர் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கையால் எழுதட்டும். மூன்றாவது பயணத்துக்குள் இந்த நோட்டு மட்டுமே குடும்பத்துக்குத் துணையாகிவிடும்.

காப்பீடு பற்றி ஒன்று. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று இல்லாமல் அட்டை கிடைக்காது. நோய் தெரிந்த அன்றே சான்றுக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். மருத்துவமனையில் படுத்த பிறகு ஓடினால் முதல் செலவு கைக்காசாகிவிடும். மாநில எல்லையைத் தாண்டும் முன், போகப்போகிற மருத்துவமனையில் அந்த அட்டை செல்லுமா என்று மாவட்ட அரசு மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆரியங்காவு தாண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ரயில் சலுகை பலருக்குத் தெரிவதே இல்லை. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் விலக்கு. உடன் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் முக்கால் பங்கு விலக்கு. இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி என்றால் இருவருக்குமே முக்கால் பங்கு. இதற்கு ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஸ்டேஷன் கவுன்டரில் காட்டி டிக்கெட் எடுக்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து புனலூர், கொல்லம் வழியாகப் போகும் ரயிலில் மாதம் இரண்டு முறை போய்வருகிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. முதல் பயணத்திலேயே அந்தப் படிவத்தை வாங்கிவர வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

இப்படி மாதம் இரண்டு குடும்பம் போதும். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். ஒரு நிபந்தனை: சிகிச்சை பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். எந்த டாக்டர் நல்லவர், கீமோ எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்பார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்தது ஒரு நோயாளியின் கதை. இன்னொருவருக்கு அது பொருந்தாது. 'அதை டாக்டரிடம் கேட்க மறக்காமல் நோட்டில் எழுதிக்கொள்வோம்' என்று சொல்லி, அவர்கள் கண் முன்னே எழுதுங்கள்.

பிறகு, மனம் தயாரான பின், முறையான பாலியேட்டிவ் தொண்டுக்கு, அதாவது தீராத நோயில் இருப்பவரின் வலியையும் தொந்தரவையும் குறைக்கும் பராமரிப்புக்கு வரலாம். உங்கள் பக்கத்து மாநிலத்தில்தான் இது சாதாரண மக்களின் வேலையாக வேர்விட்டது. கோழிக்கோட்டில் 1993-ல் வலிநீக்க மையம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக மலப்புறம் பகுதியில் வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய அக்கம்பக்கத்தாரைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர், ஆட்டோக்காரர், கல்லூரிப் பிள்ளை, வீட்டுப் பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் சேர்ந்தார்கள். 2008-ல் கேரள அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது. இன்று அங்கே ஊராட்சிகள் வழியாக நர்சு வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நர்சு எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டு வையுங்கள். தனியாகப் போகாமல் அவரோடு போவதுதான் சரியான வழி.

கைவேலையில் நீங்கள் பாதி தூரம் தாண்டியவர். ஆனாலும் சிலதை மறுபடி கற்க வேண்டும். வீட்டில் ஒருவரைப் பார்க்கும்போது நாமாகப் பழகிக்கொண்டதில் சரியும் தவறும் கலந்திருக்கும். படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். புரட்டும்போது துணியோடு இழுக்கிறார்கள். தோல் ஒரு பக்கமும் உள்சதை ஒரு பக்கமும் இழுபட்டு அங்கேதான் புண் தொடங்குகிறது. இரண்டு பேர் விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் முழுதும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மில் பலருக்குக் கறுத்த தோல், சிவப்பு தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுவும் அடையாளம்தான். அந்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்க்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தேய்க்கவே கூடாது, ஏற்கெனவே நசுங்கிய சிறு ரத்தக்குழாய்கள் அதில் இன்னும் சிதையும். வால் எலும்புக்கு அடியில் ரப்பர் வளையம் வைப்பதும் கெடுதல்தான். வளையத்தின் விளிம்பு ரத்த ஓட்டத்தைச் சுற்றிலும் அடைக்கிறது.

வாட்டர் பெட் வைத்துவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு. அதில் தண்ணீர் அதிகமானால் பலகை மாதிரி விறைக்கும். குறைந்தால் இடுப்பு அடிக்கட்டிலைத் தொடும். நோயாளி படுத்திருக்கும்போது அவர் இடுப்புக்கு நேர் கீழே, பெட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் தண்ணீர் போதாது. எது இருந்தாலும் புரட்டுவது நிற்கக் கூடாது.

மூக்குக் குழாய் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கஞ்சியை வடிகட்டியே ஊற்றுவது, முன்னும் பின்னும் ஒரு சிரிஞ்சுத் தண்ணீர் விடுவது, அரை உட்கார்ந்த நிலையில் வைத்து ஊற்றி முடித்து முக்கால் மணி நேரமாவது படுக்க விடாமல் இருப்பது, இதையெல்லாம் தினமும் செய்தவர் நீங்கள். ஒரு நாள் இதை இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள். அப்போது உங்கள் கை அவர் கைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். சிரிஞ்சை அவரே பிடிக்கட்டும். நாம் செய்து காட்டிவிட்டு வந்தால் ராத்திரி அவர் தனியாகத் திணறுவார்.

அந்த வீடுகளில் என்ன பேசுவது? குறைவாகப் பேசுங்கள். 'எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. அடுத்த கேள்வி 'இப்ப எப்படி இருக்காக?' என்றுதான் வரும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால் சிலர் நேராகவே கேட்பார்கள். மறைக்க வேண்டாம். 'அவுக தவறிட்டாக. ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. இன்னிக்கு உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவா இருக்கு, அதைச் சொல்லுங்க' என்று பேச்சை அவர்கள் பக்கம் திருப்புங்கள். 'தைரியமா இருங்க', 'எல்லாம் சரியாகிடும்' இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலாவதைச் சொன்னால் அவர்கள் உங்கள் முன்னால் அழ முடியாமல் போகும். இரண்டாவது பொய் என்று நோயாளிக்கே தெரியும். 'நான் பாத்துக்கிறேன்' என்றும் சொல்லாதீர்கள். 'வியாழக்கிழமை பத்து மணிக்கு வர்றேன்' என்று சொல்லிப் பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். அழுகை வந்தால், 'கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்' என்று வெளியே வந்து, முகம் கழுவி, திரும்பிப் போங்கள். கண் கலங்குவதில் தவறில்லை. அவர்கள் எழுந்து வந்து உங்களைத் தேற்றும் நிலை மட்டும் வரக்கூடாது.

உங்கள் மதினி சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொல்வது நியாயம் என்பதால் அல்ல. நோயாளி இருக்கும் சில வீடுகளில் கணவரை இழந்த பெண் வாசலேறுவதைச் சகுனமாகப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் முகத்துக்கு நேரே யாராவது அதைக் காட்டினால், இந்த நிலையில் அது உங்களை ஆறு மாதம் முடக்கிவிடும். அதனால் நீங்களாக எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். கிராம சுகாதார செவிலியரோடு, அவர் முன்கூட்டியே கேட்டு 'வரட்டும்' என்று சொன்ன வீட்டுக்கு மட்டும் போங்கள். 'நர்சம்மா கூட வந்த அக்கா' என்று ஒரு முறை அறிமுகமாகிவிட்டால் பேச்சு தானாக அடங்கும். ஆண் நோயாளியைத் துடைப்பது, உடை மாற்றுவதெல்லாம் அந்த வீட்டார் வேலை. நீங்கள் எடுத்துச் செய்ய வேண்டாம். மதினியை ஒரு நாள் கூடவே கூட்டிப் போங்கள். இரண்டு பேராகப் போவது எப்படியும் நல்லது.

பணத்துக்கு வருகிறேன். நான்கு லட்சத்தை இன்னும் ஓராண்டு தொடாதீர்கள். வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, மகனை நாமினியாக நியமித்து வையுங்கள். துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் கையில் பணம் இருப்பது ஊருக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிடும். கடன் கேட்பவர், நிலம் காட்டுபவர், அவர் பெயரில் மண்டபம் கட்டலாம் என்பவர் எல்லோரும் வருவார்கள். 'மகனைக் கேக்கணும்' என்ற ஒரே பதில் போதும். தொண்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தனி உறையில் வையுங்கள். பேருந்துச் செலவு, ஃபைல், நகல், நோயாளிக்கு ஒரு விரிப்பு எல்லாம் அதற்குள். உறை காலியானால் அந்த மாதம் அவ்வளவுதான். யாருக்கும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறை உங்கள் வருகையே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். கொடுக்காத வாரம் இருவருக்கும் கூச்சம்.

டிரஸ்ட் இப்போது வேண்டாம். பத்திரம், பான் எண், வருமான வரிப் பதிவு, ஆண்டுக் கணக்கு, தணிக்கை என்று அலுவலக வேலைதான் மிஞ்சும். நீங்கள் தேடுவது அதுவல்ல. இரண்டு ஆண்டு இந்த வேலை நிலைத்த பிறகும் ஆசை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மகனிடம் சண்டை வேண்டாம். அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்ற கவலைதான் அவருக்கு. ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். மாதம் ஒரு முறை நாலு நாள் சென்னைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லி அப்படியே போங்கள். நோயாளி வீடுகளுக்கும் அந்த நாட்களை முன்பே சொல்லி வையுங்கள். திதி வருகிற வாரத்தில் எந்த வீட்டுக்கும் போகாமல் விடுப்பு எடுங்கள். தூக்கத்தில் நோயாளிகள் வருவது, உங்கள் சொந்த மாத்திரையை மறப்பது, ராத்திரி பதினொரு மணிக்கும் போனைக் கையிலேயே வைத்திருப்பது, சொன்னபடி செய்யாத குடும்பத்தின் மேல் கோபம் பொங்குவது, இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஒரு மாதம் நிறுத்திவிட்டு நர்சிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் அவருடைய பொருட்கள் என்னென்ன மிச்சமிருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாகச் சக்கர நாற்காலி, வாட்டர் பெட், பெட்பேன் இருக்கும். மனம் ஒப்பும்போது இரவல் கொடுங்கள், தானமாக வேண்டாம். ஒரு நோயாளிக்குப் பிறகு இன்னொருவருக்குப் போக வேண்டும் என்றால் பொருள் திரும்பி வர வேண்டும். ஒரு நோட்டில் யாருக்கு, எந்தத் தேதி, திருப்பித் தரும்போது கழுவித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்டர் பெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, மடிப்புகளில் பவுடர் தூவி மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒட்டிப்போய் அடுத்த முறை விரிக்கும்போது கிழியும். குழாய், சிரிஞ்சு போன்றவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மருந்து டப்பாவில் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை மீதம் இருந்தால் அதை இந்த வாரமே வாங்கிய மருத்துவமனையின் பாலியேட்டிவ் பிரிவில் ஒப்படைத்துவிடுங்கள். வலியில் துடிக்கும் ஏழைக்கு ஆகுமே என்று தோன்றும், கேட்டும் வருவார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். பழக்கமில்லாத உடம்புக்கு, அதிலும் வயதானவருக்கோ சிறுநீரகம் கெட்டவருக்கோ, அதே மாத்திரை மூச்சையே நிறுத்திவிடும். ஒப்படைக்கப் போகும் அன்றே அந்தப் பிரிவில், தொண்டர்களுக்கான பயிற்சி அடுத்து எப்போது என்று கேட்டு, உங்கள் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.